எது சரியான பொருள்?

என்னோடு ஒருசாலை மாணாக்கராய் இருந்து, இன்று யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் ஆசிரியத் தொழில் புரியும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருக்கு மக்கள் மூவர். மூத்தவள் இலண்டனில்; அடுத்தவன் ஜேர்மனியில்; கடைக்குட்டி மணம்முடித்து நோர்வேயில். நம்மவர் குடும்பங்கள் பலவற்றின் இன்றைய நிலை இதுவே, இதில் வியப்பில்லை. வியப்பு அவர் எழுதிய செய்தியில் இருந்தது.

இலண்டன் மகள், ஜேர்மனியிலுள்ள தம்பியின் மகனுக்குப் பிறந்தநாளை முன்னிட்டு ஒரு பொதி அனுப்பினாள். பொதியின் மேல் 'கிஃப்ற்' என்னும் ஆங்கிலச் சொல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. சிறுவனுக்கு வயது ஏழு; எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய புதிது. பொதியைப் பார்த்தான், வாசித்தான், நீட்டிய கையைப் பின்னே இழுத்துக்கொண்டான். 'அப்பா, இதிலே நஞ்சு என்று எழுதியிருக்கு. மாமி ஏன் எனக்கு நஞ்சு அனுப்பினவ?' என்று அழுதானாம். ஜேர்மானிய மொழியில் அச்சொல்லுக்கு நஞ்சு என்பதே பொருள். இச்செய்தியைத் தொலைபேசியிற் கேட்ட நோர்வே மகள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். அங்கே படிவங்களில் 'கிஃப்ற்' என்ற இடத்துக்கு நேரே அவள் குறியிட்டு வருகிறாள். ஏனெனில் அங்கு அச்சொல்லுக்கு 'மணமானவர்' என்று பொருள். மணமாகாதவர் 'உகிஃப்ற்'. எழுத்து ஒன்றே, நோர்வேயார் உச்சரிக்கும்போது முதலெழுத்து யகரமாய் ஒலிக்கும், அவ்வளவே.

நண்பர் கடிதத்தை இப்படி முடித்திருந்தார்: 'மூன்று பிள்ளைகளும் ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் சொல்கிறார்கள். நீர் பண்டிதர். சொல்லாராய்ச்சியிற் பொழுது போக்குபவர். இவற்றுள் எது சரியான பொருள்? மற்றவை எப்படிப் பிழைத்துப் போயின? தீர்த்துச் சொல்லும்.'

சொல்லின் வரலாறு சிக்கலானதன்று. ஆங்கிலத்திற் கொடுத்தலைக் குறிக்கும் 'கிவ்' என்பதும், ஜேர்மானியத்தில் அதே பொருள் தரும் 'கேபன்' என்பதும் ஓரடியிற் பிறந்தவை. அவ்வடியில் வந்த பெயரே 'கிஃப்ற்'. கொடுக்கப்படுவது எதுவோ அது கிஃப்ற். பழைய ஜேர்மானியத்திலும் அதற்குக் கொடை என்றே பொருள். அப்பழம்பொருள் இன்றும் ஒரு கூட்டுச் சொல்லில் உயிரோடிருக்கிறது. 'மிற்கிஃப்ற்' என்றாற் சீதனம். உடன் கொடுப்பது என்பது சொற்பொருள். சீதனத்தின் வாலில் நஞ்சைக் கட்டி வைத்த அம்மொழியை நான் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

கொடை எவ்வாறு நஞ்சாயிற்று? கிரேக்கத்தில் 'தோசிஸ்' என்றாற் கொடுத்தல். மருத்துவர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தளவையும் அச்சொல்லாற் சுட்டினார்கள். அது இலத்தீனிற் புகுந்து ஐரோப்பிய மருத்துவ நூல்கள் எங்கும் பரவியது. ஆங்கிலத்து 'டோஸ்' அதுவே. அச்சொல்லின் நிழலில் ஜேர்மானியரும் தமது 'கொடுப்பது' என்னும் சொல்லை முதலில் மருந்துக்கும், பின்னர்க் கொல்லும் மருந்துக்கும் வழங்கலாயினர். நஞ்சை நஞ்சென்று வாய்விட்டுச் சொல்லக் கூசுவதும் மனித இயல்பு. கடித்தால் உயிர்கொள்ளும் பாம்பை 'நல்ல பாம்பு' என்கிறோம் அல்லவா? நம் இலக்கணத்தார் அதற்கு மங்கல வழக்கு என்று பெயரிட்டனர். ஜேர்மானியரின் மங்கல வழக்கு காலப்போக்கில் மங்கலத்தை முற்றும் இழந்தது. கொடை என்ற பொருள் மறைந்து நஞ்சு ஒன்றே எஞ்சியது.

நோர்வே, சுவீடன், டென்மார்க்கு ஆகிய நாட்டார் வேறு வழியிற் சென்றனர். பெண்ணைக் கொடுத்தல் என்ற வழக்கிலிருந்து, கொடுக்கப்பட்டவள் மணமானவள் ஆனாள். பின்னர் அச்சொல் ஆணுக்கும் பொதுவாயிற்று. 'பெண் கொடுத்தோம்' என்று இன்றும் பேசுகின்ற நமக்கு இது விளங்காத பாதையன்று. நஞ்சு என்ற பொருளும் ஜேர்மானியரிடமிருந்து அங்கு வந்து சேர்ந்தமையால், அம்மொழிகளில் ஒரே சொல் திருமணத்துக்கும் நஞ்சுக்கும் நிற்கிறது. அதனால் அங்கே எவரும் குழம்புவதாகத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நஞ்சுக்கு வழங்கும் 'பொய்சன்' என்னும் சொல், பருகும் நீர்மத்தைக் குறித்த 'போற்சியோ' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஜேர்மானியத்தில் அன்பளிப்புக்கு வழங்கும் 'கெஷெங்க்' என்பதோ, பானத்தை வார்த்துக் கொடுத்தல் என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்தது. ஒருவர் கொடையிலிருந்து நஞ்சுக்குப் போனார். ஒருவர் பானத்திலிருந்து நஞ்சுக்குப் போனார். ஒருவர் பானத்திலிருந்து கொடைக்கு வந்தார். இவர்களுள் யாரை வழிதவறியவர் என்பது?

'எது சரியான பொருள்?' என்ற வினாவினுள்ளேயே ஒரு பிழை ஒளித்திருக்கிறது. நண்பரைக் குறை சொல்லவில்லை. அப்பிழையை நெடுங்காலம் செய்தவன் நான். சொல்லின் அடியைக் கண்டுவிட்டால் அதன் உண்மைப் பொருளைக் கண்டுவிட்டோம் என்றும், பின் வந்த வழக்கெல்லாம் திரிபும் சிதைவும் என்றும் எண்ணியிருந்தேன். நம் பண்டித மரபில் இவ்வெண்ணம் ஆழ வேரூன்றியது. மேனாட்டார்க்கும் இது புதிதன்று. சொற்பிறப்பு ஆராய்ச்சிக்கு அவர்கள் வைத்த 'எற்றிமொலொஜி' என்னும் பெயரே 'உண்மை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாக எழுந்தது. துறையின் பெயரிலேயே ஒரு செருக்கு! பிறப்பை அறிந்தவன் உண்மையை அறிந்தவன் என்னும் செருக்கு.

நம் தொல்காப்பியர் இவ்விடத்திற் கூடிய அடக்கமுடையவர். சொல் ஒரு பொருளை உணர்த்துவதற்கான காரணம் எளிதிற் புலப்படாது என்று உரியியலிலே சொல்லி வைத்தார். ஒரு பொருள் குறித்த பல சொல்லும், பல பொருள் குறித்த ஒரு சொல்லும் திரிசொல்லின் இருவகை என்று அமைத்தார். திசைதோறும் வழங்குவனவற்றுக்குத் திசைச்சொல் எனத் தனியிடம் கொடுத்தார். அவற்றை வழு என்று தள்ளவில்லை. (இவ்விடத்தில் 'நாற்றம்' என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவது பண்டிதர் வழமை. அது கேட்டுக் கேட்டு மணமிழந்துவிட்டது, விட்டுவிடுகிறேன்.)

என் பிழையை நான் உணர்ந்த வரலாற்றைச் சொல்லுதல் வேண்டும். அது ஒரு மாணாக்கனுக்கு நான் இழைத்த அநீதியும் ஆகும்.

பல்லாண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பினர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்தேன். ஜேர்மானிய எழுத்தாளர் ஒருவரின் இளமைப் பருவம் பற்றி ஆங்கிலத்தில் அமைந்த ஒரு பந்தி. அதில், அவர் ஒன்பது ஆண்டு 'ஜிம்னாசியம்' சென்றார் என்று ஒரு வாக்கியம். ஒரு மாணாக்கன், 'ஒன்பது ஆண்டுகளை உடற்பயிற்சிக் கூடத்திலே கழித்தார்' என்று எழுதியிருந்தான். தமிழ் நடை நன்றாயிருந்தது; முழுப் புள்ளியும் இட்டேன். இன்னொருவன் அச்சொல்லை மொழிபெயர்க்காமல், 'கிம்னாசியம் என்னும் கலைக்கூடத்தில் ஒன்பது ஆண்டு பயின்றார்' என எழுதியிருந்தான். ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கத் தெரியாமல் மழுப்பினான் என்று இரண்டு புள்ளி குறைத்தேன். அவன் வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தான். 'அகராதியைப் பார்' என்று இருத்திவிட்டேன். ஆங்கில ஆசிரியர் ஒருவர் தற்செயலாக அவ்விரு தாள்களையும் கண்டு சிரித்தபோதுதான், எந்த மனிதனும் ஒன்பது ஆண்டுகளை உடற்பயிற்சிக் கூடத்திற் கழிக்கமாட்டான் என்ற எளிய உண்மை எனக்கு உறைத்தது. அதற்குள் அவ்வகுப்பு கலைந்து போயிற்று. அந்த இரண்டு புள்ளியும் இன்றுவரை என்னிடமே கடனாய் இருக்கின்றன.

அன்று தொடங்கி அச்சொல்லைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அது ஆசிரியர்களாகிய நம்மைப் பற்றிய கதையாகவே விரிந்தது. கிரேக்கத்தில் 'கும்னோஸ்' என்றால் ஆடையற்ற நிலை. கிரேக்க இளைஞர் ஆடையின்றி உடற்பயிற்சி செய்த இடம் 'கும்னாசியோன்'. அங்கே மற்போரும் ஓட்டமும் மட்டும் நிகழவில்லை. பெரியோர் அமர்ந்து உரையாடினர். இளைஞர் சூழ்ந்து கேட்டனர். ஆதென்சு நகரத்துப் புறத்தே அத்தகைய பயிற்சிக்களங்கள் பெயர்பெற்றிருந்தன. ஒன்று அக்கதேமியா, அங்கே கி.மு. 4ஆம் நூற்றாண்டிற் பிளேட்டோ கற்பித்தார். மற்றொன்று லுக்கேயோன்; அங்கே கி.மு. 335 அளவில் அரிஸ்டோட்டில் தமது பள்ளியை நிறுவினார். முதலாவதன் பெயர் இன்று ஐரோப்பா எங்கும் 'அக்கடமி' ஆயிற்று. இரண்டாவதன் பெயர் பிரான்சில் 'லிசே' என்றும் இத்தாலியில் 'லிசேயோ' என்றும் உயர்நிலைப் பாடசாலைக்கு வழங்குகிறது. அவற்றின் பொதுப்பெயராகிய கும்னாசியோனை ஜேர்மானியர் எடுத்துக்கொண்டனர். 1538இல் யொகான்னஸ் ஸ்ரூர்ம் என்பவர் ஸ்ராஸ்பூர்க் நகரில் நிறுவிய இலத்தீன் பள்ளி அப்பெயராற் புகழ்பெற்றது. இன்று ஜேர்மனியிற் பல்கலைக்கழகம் புக விரும்பும் மாணாக்கர் எட்டோ ஒன்பதோ ஆண்டு அங்கே பயின்று 'அபிற்றூர்' பரீட்சை எழுதுகின்றனர். ஆங்கிலேயரோ அதே சொல்லிற் படிப்பை விட்டுத் தசையை மட்டும் எடுத்துக்கொண்டனர். ஒருவர் அறிவுப் பாதியையும் ஒருவர் உடற் பாதியையும் பங்கிட்டார்கள் என்க. கிரேக்கருக்கோ இரண்டும் ஒரே முற்றத்தில் நிகழ்ந்தவை.

பள்ளிக்கூடச் சொற்கள் எல்லாமே இப்படித்தான். 'ஹோக்சூலே' என்னும் ஜேர்மானியச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உயர்பள்ளி. ஆயின் அது பட்டம் வழங்கும் நிறுவனம். அச்சொல்லைக் கண்டு ஒருவருடைய சான்றிதழை உயர்தரப் பாடசாலைச் சான்றிதழ் எனத் தமிழாக்கினால், அவர் பெற்ற பட்டத்தை நாம் பறித்தவராவோம். 'கொலீஜியம்' என்பது இலத்தீனில் ஒரே பணிக்கு உடன் அமர்த்தப்பட்டோரின் குழு. பாப்பரசரைத் தெரிவு செய்யும் கர்தினால்மார் சபை இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. பிரான்சில் 'கொலேஜ்' என்பது பதினொரு வயது முதல் பதினைந்து வயது வரையிலான சிறுவர் பயிலும் நான்காண்டுப் பாடசாலை. அமெரிக்காவிற் 'கொலிஜ்' என்றாற் பட்டப்படிப்பு. இங்கிலாந்தில் ஈற்றன் முதலிய பாடசாலைகளும் கொலிஜ். ஒக்ஸ்போர்ட்டின் உறுப்புக்களும் கொலிஜ்.

ஈழத்தவர் இங்கிலாந்தின் முன்னைய வழக்கைப் பின்பற்றினோம். ஆதலின் நம் நாட்டிலே ஆறாம் வகுப்புச் சிறுவனும் 'கல்லூரி'க்குப் போகிறான். தமிழ்நாட்டிலோ கல்லூரி என்றாற் பட்டப்படிப்பு நடக்கும் இடம். சென்னையில் நடந்த இலக்கியக் கூட்டமொன்றில் என்னைக் 'கல்லூரி ஆசிரியர்' என்று அறிமுகம் செய்தார்கள். பக்கத்திருந்த பெரியவர், 'எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி?' என்று மரியாதையோடு கேட்டார். ஒன்பதாம் வகுப்பிற்கு நன்னூல் சொல்பவன் என்று அவருக்கு விளக்கினேன். அவர் முகம் சிறிது வாடியது. நான் பொய் சொல்லவில்லை. அவரும் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரு தமிழ்ச் சொல்லே இரண்டு வீட்டிற் குடியிருந்தது.

இதனினும் கொடியது 'புரொபெஸர்'. இலத்தீனில் அது பலரறிய எடுத்துரைப்பவர் என்று பொருள்படும். ஆங்கிலத்தில் அது பல்கலைக்கழகத்தின் உயர்பீடத்துக்குரிய பட்டம். நாம் 'பேராசிரியர்' என்று சரியாகவே மொழிபெயர்த்தோம். பிரான்சிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இடைநிலைப் பாடசாலை ஆசிரியரும் அப்பெயர்க்கு உரியவர். கவிஞர் மல்லார்மே வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்தே கழித்தார். 1964இல் நோபல் பரிசை மறுத்த சார்த்தர் 1931 முதல் லெ ஹாவ்ர் நகரத்து லிசேயில் மெய்யியல் கற்பித்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி எதனையும் அவர் ஒருபோதும் வகிக்கவில்லை. இவர்களைப் 'பேராசிரியர்' என்று எழுதும் தமிழ்க் கட்டுரைகளைக் காணும்போது எனக்கு இரட்டை வருத்தம். உண்மை பிழைக்கிறது என்பது ஒன்று. பாடசாலை ஆசிரியர் ஒருவர் இத்துணைப் பெரிய எழுத்தாளராய் இருந்தார் என்னும் நற்செய்தி நம் ஆசிரியர்களுக்குக் கிடையாமற் போகிறது என்பது மற்றொன்று.

பொருள் சற்றே நகர்ந்த சொற்களை மட்டும் இதுவரை பார்த்தோம். நேரெதிராகத் திரும்பிய சொற்களும் உள. அவற்றைக் காண்பதற்கு ஸ்லாவிய மொழிகளிடம் செல்லுதல் வேண்டும். ருஷியம், போலந்து மொழி, செக் மொழி மூன்றும் உடன்பிறந்தவை. செக்நாட்டுக் கடையிற் பாணின் மேல் 'செர்ஸ்த்வீ' என்று எழுதியிருந்தால், புதிதாய்ச் சுட்ட பாண் என்பது பொருள். அச்சொல்லின் உடன்பிறப்பு ருஷியத்தில் உலர்ந்து இறுகிய பழம்பாணைக் குறிக்கும். போலந்துப் பெண்ணின் 'உரோதா' அவள் அழகு. ருஷியத்தில் 'உரோத்' என்பது உருக்குலைந்தவனைச் சுட்டும் வசைச்சொல். செக் மொழியில் 'ஊரோதா' என்பது வயலின் விளைச்சல். மூன்றும் பிறப்பைக் குறிக்கும் ஓரடியின. செக்நாட்டிற் 'பொஸோர்' என்னும் அறிவிப்பு 'கவனம்' என்று எச்சரிப்பது. அதனைக் காணும் ருஷியப் பயணி தன் மொழியில் 'வெட்கக்கேடு' என்று வாசிப்பார். சேர்பியரோ அதே அடியிலிருந்து நாடக அரங்குக்குப் பெயர் அமைத்தனர். பார்த்தல் என்பதே அடிப்பொருள். பார்த்து நட என்பது கவனம். எல்லாரும் பார்க்கும்படி ஆனது வெட்கம். எல்லாரும் பார்க்கக் கூடும் இடம் அரங்கு. வழி தெரிந்தபின் மூன்றும் எவ்வளவு இயல்பாயிருக்கின்றன!

ஆயினும் என் உள்ளத்தை உலுக்கியது வேறொன்று. ருஷியத்தில் 'ஸபோம்னித்' என்றால் மனத்திற் பதித்துக்கொள்ளுதல். போலந்து மொழியில் 'ஸபொம்னியெச்' என்றால் மறத்தல்! வினையடி ஒன்றே, நினைவைக் குறிப்பது. முன்னொட்டும் ஒன்றே. அம்முன்னொட்டுக்கு ஒரு செயலை நிலைபெறச் செய்தல் என்ற ஆற்றலும் உண்டு. அப்பாற் செல்லுதல் என்ற ஆற்றலும் உண்டு. ருஷியர் நினைவை நிலைநிறுத்தினர். போலந்தார் நினைவுக்கு அப்பாற் சென்றனர். இதனை வகுப்பிற் சொன்னபோது பின்வரிசை மாணாக்கன் ஒருவன் எழுந்து, 'ஐயா, அப்படியானால் ருஷிய ஆசிரியர் படிக்கச் சொன்ன பாடத்தைப் போலந்துப் பிள்ளை மறந்துவிட்டு வந்தால் அடிக்க ஏலாது' என்றான். அவனுக்கு மொழியியல் வந்துவிட்டது.

1928இற் கெஸ்லர், தெரோக்கிஞி என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடையேயுள்ள இத்தகைய சொற்களைத் தொகுத்து அவற்றைப் 'பொய்ந்நண்பர்' என்றனர். அப்பெயரே இன்று உலகெங்கும் வழங்குகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நண்பராய் நடித்து வஞ்சிப்பவர் என்ற பழியைச் சொற்களின் மேல் ஏற்றுவது முறையன்று. அவை ஒரு முதுசத்தைப் பங்கிட்டுக்கொண்ட சகோதரர் போன்றவை. ஒருவர் தம் பங்கில் நெல் விதைத்தார்; மற்றவர் புகையிலை நட்டார். வேலிக்கு வெளியே நின்று, 'உன் காணியில் ஏன் நெல் இல்லை?' என்று கேட்பவனே அறியாதவன்.

ஆனால் எல்லா ஒப்பும் உறவன்று என்பதையும் ஈண்டுச் சொல்லாமல் விடலாகாது. இத்தாலியத்தில் 'கல்தோ' என்றாற் சூடு. ஜேர்மானியத்தில் 'கல்ற்' என்றாற் குளிர். குளிர்நீர் என்று நம்பி இத்தாலியக் குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்ளும் வடநாட்டவர் பலர். இவை எதிர்ப்பொருள் கொண்ட சகோதரர் அல்ல. முற்றிலும் வேறு குலம். இத்தாலியத்திற் 'புர்ரோ' வெண்ணெய். ஸ்பானியத்திற் 'புர்ரோ' கழுதை. இங்கும் உறவு இல்லை. ஒலியோடு பொருளும் ஒத்திருந்தால் உறவு உறுதியாகுமோ எனின், அதுவும் ஆகாது. இலத்தீனில் 'ஹபேரே' என்றால் உடைத்தாயிருத்தல். ஜேர்மானியத்தில் 'ஹாபன்' என்பதற்கும் அதுவே பொருள். இதனினும் நெருங்கிய ஒப்பு வேண்டுமா? ஆயினும் இரண்டும் உறவற்றவை. 1822இல் யாக்கோப் கிரிம் வகுத்த ஒலிமாற்ற விதியின்படி இலத்தீன் ககரமே ஜேர்மானியத்தில் ஹகரமாகும். ஆதலின் 'ஹாபன்' என்பதன் உண்மை உறவு, பற்றுதல் எனப் பொருள்படும் 'கப்பேரே' என்னும் இலத்தீன் வினை.

இதனை விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. கிரேக்கச் சொல் ஒன்றையும் தமிழ்ச் சொல் ஒன்றையும் பக்கத்திற் பக்கம் எழுதி, ஒலி ஒத்தது, பொருள் ஒத்தது, ஆகவே உலக மொழிகள் எல்லாம் தமிழிற் பிறந்தன என்று நிறுவும் கட்டுரைகள் நம் மலர்களிலும் மேடைகளிலும் மலிந்துவிட்டன. தமிழ்ப்பற்றில் நான் எவர்க்கும் இளைத்தவன் அல்லேன். அப்பற்றினாலேயே சொல்கிறேன்: ஒலி ஒப்பு மட்டும் சான்றானால், இத்தாலியர் வெண்ணெயும் ஸ்பானியர் கழுதையும் ஒன்றே. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளை ஒப்பிட்டபோது தனித்தனிச் சொற்களின் ஒலியை மட்டும் நம்பவில்லை; இலக்கண அமைப்பையும், ஒலிகள் ஒழுங்காக மாறும் முறையையும் காட்டினார். அவ்வுழைப்பைச் செய்ய விரும்பாதவர் சொற்பிறப்பு எழுதாமல் இருத்தல் தமிழுக்குச் செய்யும் தொண்டாகும்.

ஐரோப்பிய இலக்கியம் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வருகிறது. ஆதலின் பிழை இரண்டு வாயிலில் நுழைய இடமுண்டு. ஆங்கிலத்தில் 'அக்சுவல்' என்றால் மெய்யான. பிரெஞ்சு 'அக்துவெல்', ஜேர்மானிய 'அக்துவெல்', ஸ்பானிய 'அக்துவால்' என்பன யாவும் தற்காலத்து, நிகழ்கின்ற என்று பொருள்படும். பிரெஞ்சு அரசின் 'தற்போதைய' நிலைப்பாடு இதனால் 'உண்மையான' நிலைப்பாடு ஆகிவிடலாம்; அப்போது முன்னே சொன்னது பொய் என்ற தொனி தானே வந்து ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'ஈவென்சுவலி' என்றால் இறுதியில் நடந்தே தீரும். பிரெஞ்சிலும் ஜேர்மானியத்திலும் அதன் இணைச்சொல் 'நடக்கவும் கூடும்' என்று மட்டுமே சொல்லும். உறுதிமொழிக்கும் ஊகத்துக்கும் இடையேயுள்ள தூரம் அது. ஸ்பானியப் பெண் 'எம்பராசாதா' என்றால் அவள் நாணவில்லை, கருவுற்றிருக்கிறாள்.

எண்ணும் இதற்கு விலக்கன்று. ஆங்கிலத்திற் 'பில்லியன்' இன்று நூறு கோடி. ஜேர்மானியத்திலும் பிரெஞ்சிலும் அது இலட்சம் கோடி. நூறு கோடிக்கு அவர்கள் வழங்குவது 'மில்லியார்'. பிரித்தானியரும் முன்பு பெரிய கணக்கையே வழங்கி, 1974இல் அரசாங்க முறையாகச் சிறிய கணக்குக்கு மாறினர். இதில் வேடிக்கை யாதெனின், சிறிய கணக்கு பிரான்சிலே தோன்றி அமெரிக்கா சென்றது. பிரான்சோ 1961இல் அதனைக் கைவிட்டுப் பெரிய கணக்கை விதித்தது. ஜேர்மானியப் பத்திரிகையிலிருந்து ஒரு தொகையை எடுத்துத் தமிழில் எழுதுபவர் இதனை அறியாராயின் ஆயிரம் மடங்கு தவறுவார்.

தூர தேசத்துக் கதை என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. நம் வகுப்பறைக்குள்ளேயே இது நடந்திருக்கிறது. ஜேர்மானியத்திற் 'பாங்க்' என்றால் இருக்கைப் பலகையும் ஆகும். பணம் வைக்கும் நிலையமும் ஆகும். பன்மையில் மட்டும் 'பெங்க்கே' என்றும் 'பாங்கன்' என்றும் பிரியும். இத்தாலியப் பணமாற்றுக்காரர் பலகையொன்றின் மேல் நாணயங்களைப் பரப்பி வாணிகம் செய்தனர். அப்பலகையின் பெயர் தொழிலுக்கு ஆயிற்று. போர்த்துக்கேயர் 'பாங்கோ' என்று கொண்டுவந்த பலகை நம்மிடம் 'வாங்கு' ஆயிற்று. மாணாக்கன் அதில் இருக்கிறான். ஆங்கிலேயர் கொண்டுவந்த பணநிலையம் 'வங்கி' ஆயிற்று. அவன் தந்தை அதிற் சேமிக்கிறார். இத்தாலியர் 'பங்கா ரொற்றா', உடைந்த பலகை, என்று சொன்ன கடனிறுக்க மாட்டா நிலை நம் பத்திரிகைகளில் 'வங்குரோத்து' ஆயிற்று. மூன்று சொல்லும் ஒரு மரப்பலகையின் பிள்ளைகள் என்பதை அறியாமலே நாம் பிழையின்றி வழங்கி வருகிறோம். வங்கியில் ஏறி இருப்பவரும் இல்லை. வாங்கிற் பணம் வைப்பவரும் இல்லை.

ஆதலின் ஆசிரிய நண்பர்களிடம் நான் வேண்டுவது சிறிது. ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல் என இருநிரலாக எழுதி மனனம் செய்விப்பதைக் குறையுங்கள். சொல்லை வாக்கியத்தோடு கொடுங்கள். யார், எந்த நாட்டில், யாரிடம் சொன்னது என்பதையும் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளரும் பதிப்பாளரும் ஒரு நூல் மூலத்திலிருந்து வந்ததா, ஆங்கிலத்தின் வழி வந்ததா என்று முகப்பிலேயே அச்சிடுக. பிரெஞ்சும் ஜேர்மானியமும் நோர்வே மொழியும் தாய்மொழிபோற் பேசும் தமிழ்ப் பிள்ளைகள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் தமிழையும் கற்று நேரே மொழிபெயர்க்க முன்வருவாராயின், என் போன்றோர் தாள் திருத்தும்போது செய்யும் அநியாயங்கள் பல குறையும்.

நண்பருக்கு மறுமொழி எழுதிவிட்டேன். மூன்று பிள்ளைகள் சொன்னதும் சரி. இலண்டனில் இலண்டன் மகளும், ஜேர்மனியில் உம்முடைய பேரனும், நோர்வேயில் இளையவளும் சொல்வதே தீர்ப்பு. பண்டிதனுக்கு அதில் மேன்முறையீடு இல்லை என்று குறிப்பிட்டேன். அடுத்த பிறந்தநாளுக்கு அனுப்பும் பொதியின் மேல் 'கெஷெங்க்' என்று எழுதச் சொல்லும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவனிடமிருந்து அறியவேண்டியது எனக்கும் ஒன்று உண்டு. அதனைக் கடிதத்தின் அடியிற் கேட்டிருக்கிறேன். பேரன் அந்தப் பொதியைப் பிறகாவது பிரித்தானா?